அத்தாவின் பீரோ யாருக்கு? மவ்த்தானவரின் வீட்டுப் பொருட்களை விலை மதிப்பதும் விற்பதும் பங்கிடுவதும்

ஜனாஸா தொழுகைக்கு ஸஃப் கட்டியதும் மூத்த மகன் முன்னால் வந்து நிற்பார். "எங்கள் அத்தா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், நான் பொறுப்பு" என்று சொல்வார். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நாம் பலமுறை கேட்ட வார்த்தை இது. கேட்கும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு கனக்கும்.

ஒரு மாதம் கழித்து அதே வீட்டை நினைத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. உள்ளே ஒரு இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், தையல் மெஷின், பரணில் இரண்டு தேக்சா, பித்தளை அண்டா, அலமாரி நிறையக் கிதாபுகள். வாடகை வீடாக இருந்தால் காலி செய்ய வேண்டிய அவசரம் வேறு. ஒருநாள் காலையில் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு, "மொத்தமா என்ன தருவீங்க?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். பணம் ஒரு பையில் போய்விடுகிறது. போளூரிலோ செங்கத்திலோ வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் தகவல் மட்டும் வருகிறது. அவள் வாய் திறந்து கேட்டால், "ஒரு பழைய அண்டாவுக்காகவா இப்படி?" என்று பேச்சு வருகிறது.

அண்டா பழையதுதான். ஆனால் அதில் அவளுக்குப் பங்கு இருக்கிறது. பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது கொஞ்சமாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி என்று அல்லாஹ் 4:7 வசனத்தில் தெளிவாக்குகிறான். வீடு, நிலம் என்றால் ஜமாஅத்துக்கும் வக்கீலிடமும் போகிற நாம், வீட்டுச் சாமான்களை மட்டும் "அதெல்லாம் என்ன பெரிய சொத்து" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாமல், அவற்றை எப்படி முறையாகக் கணக்கெடுத்து, விலை மதித்து, விற்று, பங்கிடுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸுபைர் (ரலி) அவர்களின் சொத்து விற்பனை

மவ்த்தானவரின் சொத்தை விற்றுக் கணக்குத் தீர்ப்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு முழுமையான முன்மாதிரி இருக்கிறது. ஸுபைர் இப்னு அல்அவ்வாம் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரின்போது கொல்லப்பட்டார்கள். தம் மகன் அப்துல்லாஹ்விடம் அவர்கள் கடைசியாகக் கவலைப்பட்டுச் சொன்னது தம் கடனைப் பற்றித்தான். ஸஹீஹ் புகாரியில் இந்தச் சம்பவம் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கடன் எப்படி வந்தது? மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக அவர்களிடம் கொடுக்க வருவார்கள். அமானிதமாக வாங்கினால் தொலைந்துபோய்விடுமோ என்று பயந்து, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். மொத்தக் கடன் 22 லட்சம். கையில் ரொக்கம் எதுவும் இல்லை. சொத்தாக நிலமும் வீடுகளும் இருந்தன. மதீனாவுக்கு அருகே அல்ஃகாபா என்ற நிலத்தை அவர்கள் 1,70,000-க்கு வாங்கியிருந்தார்கள். மகன் அப்துல்லாஹ் அதை 16 பங்காகப் பிரித்து, பங்கு ஒன்றுக்கு ஒரு லட்சம் என்று விலை மதித்து, 16 லட்சத்துக்கு விற்றார்கள். கடன்காரர்களை அந்த இடத்துக்கே வரச் சொல்லித் தீர்த்தார்கள்.

கடன் தீர்ந்ததும் சகோதரர்கள் "எங்கள் பங்கைப் பிரித்துக் கொடு" என்று கேட்டார்கள். அப்துல்லாஹ் உடனே கொடுக்கவில்லை. நான்கு வருடம் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் கடன் கொடுத்தவர் இருந்தால் வாருங்கள் என்று அறிவிப்புச் செய்தார்கள். யாரும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகே வஸிய்யத்தை நிறைவேற்றி, மீதியை வாரிசுகளுக்குப் பிரித்தார்கள்.

நாம் கற்றுக்கொள்ள இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கவில்லை. கூறாகப் பிரித்து மதித்ததால் நல்ல விலை வந்தது. எல்லாருக்கும் தெரிய அறிவித்த பிறகே பங்கிட்டார்கள். நம் ஊரில் ஒரு பீரோவையும் ஸ்கூட்டரையும் விற்பதற்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

முதலில்: எது மவ்த்தானவருடையது?

விலை பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் இருப்பதெல்லாம் மவ்த்தானவருடையது ஆகாது.

மனைவியின் நகை, அவருக்குத் தாய்வீட்டில் போட்ட சீர்ப் பாத்திரங்கள், கட்டில், பீரோ ஆகியவை அவருக்குக் கொடுக்கப்பட்டவை என்றால் அவை அவருடைய சொத்து. கணவர் இறந்ததும் அவற்றைப் பங்கில் சேர்ப்பது அநியாயம். மகன் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்ட ஃப்ரிட்ஜ், பெற்றோருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததா, அல்லது தன் பொருளாகவே வீட்டில் வைத்திருந்ததா என்பதை அவரே அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த ஏணி, பள்ளிவாசலுக்குச் சொந்தமான தேக்சா, யாரோ பத்திரமாக வைக்கச் சொன்ன கவர் எல்லாம் உரியவருக்குத் திரும்பப் போக வேண்டும். பீரோவில் அடகு ரசீது இருந்தால் அந்த நகையும் கணக்கில் வரும், அதன் மேலிருக்கும் கடனும் கணக்கில் வரும்.

அடுத்தது மனைவியின் இத்தா. நான்கு மாதம் பத்து நாள் என்று 2:234 வசனம் சொல்கிறது. கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. அந்த நாட்களில் அவர் படுக்கும் கட்டிலையும் சமைக்கும் பாத்திரத்தையும் விலை பேசி, முன்பின் தெரியாத ஆட்களை வீட்டுக்குள் விடுவது நல்ல பிள்ளைகள் செய்யும் காரியமாக இருக்காது. மனைவி கர்ப்பிணி என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தையும் வாரிசு. அதனால் பங்கிடுவதைப் பிரசவம் வரை தள்ளிவைப்பதே சிக்கலில்லாத வழி.

பட்டியல் எழுதுங்கள்

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வாரிசுகளில் குறைந்தது இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, அறை அறையாகப் போய் எழுத வேண்டும். பொருள், அதன் நிலை, மதித்த விலை, விற்ற விலை, யாரிடம் போனது என்று ஐந்து கட்டம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கடனை எழுதிவைப்பதற்காகவே குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) இறங்கியிருக்கிறது. எழுதுவது சந்தேகப்படுவதாகாது. நாளைக்குச் சந்தேகம் வராமல் காப்பது அது.

சட்டைப் பை, தலையணை உறை, கிதாபின் நடுப் பக்கம், அரிசி டின் எல்லாவற்றையும் பார்த்த பிறகே எதையும் வெளியே அனுப்புங்கள். பெரியவர்கள் பணத்தையும் ரசீதையும் எங்கே வைப்பார்கள் என்று சொல்ல முடியாது. பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், இன்சூரன்ஸ் தாள், சீட்டுக் கட்டிய அட்டை ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் போடுங்கள். கைபேசியையும் சிம் கார்டையும் உடனே விற்காதீர்கள். வங்கி, ஓய்வூதியம் தொடர்பான குறுஞ்செய்திகள் அதில்தான் வரும். வேலையெல்லாம் முடிந்து, உள்ளே இருப்பதை அழித்த பிறகு விற்கலாம்.

விலை மதிப்பது எப்படி?

பொதுவிதி ஒன்று: வாங்க வருபவரே விலையையும் சொல்லக் கூடாது. தொழில் தெரிந்த, அந்தப் பொருளை வாங்காத இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கம்: எடை, கல் போக நிகர எடை, தரம் என்று மூன்றும் தெரிய வேண்டும். 22 காரட் என்றால் 916 முத்திரை. புதிய நகைகளில் பி.ஐ.எஸ். முத்திரையோடு ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பழைய நகையில் இது இருக்காது, அதற்காக அது மட்டத் தங்கம் என்று ஆகிவிடாது. ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்ளலாம். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பாது. ஒரே நாளில் இரண்டு கடையில் கேளுங்கள். ரொக்கத்துக்கு ஒரு விலையும் மாற்று நகைக்கு ஒரு விலையும் சொல்வார்கள். பங்கிட வேண்டியது என்றால் ரொக்க விலைதான் கணக்கு. ஒரே ஆளிடம் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெரிய தொகையை வங்கி வழியாக வாங்குங்கள், கணக்குக்கும் அதுவே சாட்சி.

பாத்திரம்: மொத்தமாக எடை போட்டால் நஷ்டம் நமக்குத்தான். செம்பு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதனால் சுத்தச் செம்பின் விலை அதைவிட அதிகம். நம் வீட்டுப் பிரியாணி தேக்சாவில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஈயம் பூசிய செம்பு தேக்சா உள்ளே வெள்ளையாகத் தெரியும், வெளியே கரி படிந்திருக்கும். பார்ப்பவர் அலுமினியம் என்று தூக்கிப் போடுவார். ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டையில்லாத தேக்சாவைக் காயலான் கடைக்குப் போடுவதைவிடச் சமையல்காரரிடமோ பாத்திரம் வாடகைக்கு விடுபவரிடமோ கேட்டால் கூடுதல் விலை வரும்.

மரச்சாமான்: தேக்கா, பலாவா, வேம்பா, இல்லை மேலே ஒட்டிய பலகையா என்பதை ஒரு மர ஆசாரி அடிப்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்து மதிக்கச் சொல்வது வீண் செலவாகாது.

பட்டுப் புடவை: நம் மாவட்டத்து ஆரணிப் பட்டு பல வீடுகளில் இருக்கும். பழைய அசல் ஜரிகையில் வெள்ளி உண்டு. தெருவில் கூவி வருபவரிடம் கையெடை போட்டுக் கொடுத்துவிடாமல், ஜரிகையைச் சோதித்துச் சொல்லும் கடையில் காட்டுங்கள்.

மின்சாதனம்: புதிது இன்று கடையில் என்ன விலை, இதற்கு எத்தனை வயது, இப்போது ஓடுகிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதினால் விலை தானாக ஒரு வரம்புக்குள் வந்துவிடும்.

வாகனம்: விற்கும் முன் பெயர் மாற வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தால், வாரிசு அந்த வாகனத்தை மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கிதாபுகள்: பழைய பேப்பர் கடைக்குப் போகும் மூட்டையில் நம் சமுதாயத்தின் நினைவும் போய்விடுகிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்ப் புத்தகங்கள், கல் அச்சுப் பிரதிகள், கையால் எழுதிய ஏடுகள் இருந்தால் மதரஸா உஸ்தாதிடமோ ஆலிம் ஒருவரிடமோ காட்டாமல் கொடுக்காதீர்கள். வெளிநாட்டார் அதிகம் வரும் நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளையும் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

எங்கே, எபபோது, எப்படி விற்பது?

அமெரிக்கா போன்ற நாடுகளில் இறந்தவரின் வீட்டையே இரண்டு மூன்று நாள் கடைபோல் திறந்துவைத்து, ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நம் நாட்டில் அந்த இடத்தை ஏலக்கடைகள் நிரப்பின. கொல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஏலக்கூடம் ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்திவருவதுதான். நம் ஊரில் அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் முறையைக் கடைப்பிடிக்கலாம்.

முதல் வாய்ப்பு வாரிசுகளுக்கு. மதித்த விலைக்கு யாருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள், அந்த விலை அவர் பங்கில் கழியட்டும். ஒரே பொருளை இருவர் கேட்டால் அவர்களுக்குள் ஏலம் விடலாம், அல்லது இருவரும் சம்மதித்துச் சீட்டுப் போடலாம். அதன்பிறகு சொந்தக்காரர், அண்டை வீட்டார், மஹல்லா மக்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டாருக்கு ஒரே விலைதான். கடைசியாகத்தான் பழைய சாமான் கடை. செங்கம் சாலைப் பக்கம் ரமணாசிரமத்தைச் சுற்றி வீடு எடுத்துச் சில மாதம் தங்குபவர்களுக்குக் கட்டிலும் சைக்கிளும் தேவைப்படும், அங்கே வீடு வாடகைக்கு விடுபவர்களிடமும் சொல்லிவைக்கலாம். பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களை மட்டும் தவிருங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஊரும் கூட்டத்தில் நிறைந்திருக்கும்போது கட்டில் ஏற்றும் வண்டி தெருவுக்குள் வராது.

ஏலம் விடுவது கூடுமா என்று சிலர் கேட்பார்கள். புகாரியில் ஏல விற்பனைக்கென்றே ஒரு தலைப்பு இருக்கிறது. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் போர்வையையும் கோப்பையையும் நபி (ஸல்) அவர்கள், இதைவிடக் கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உண்டு. தடுக்கப்பட்டது நஜ்ஷ். அதாவது வாங்கும் எண்ணமே இல்லாத ஆளை நிறுத்தி விலையை ஏற்றிவிடுவது. "நேற்றே ஒருத்தர் பத்தாயிரம் கேட்டார்" என்று நடக்காததைச் சொல்வதும் அந்த ரகம்தான். குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மோட்டார் சூடாகிறது என்றால் சொல்லிவிடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபிமொழி இருக்கிறது. அத்தாவின் பெயரால் நடக்கும் கடைசி வியாபாரம் அது, சுத்தமாக முடியட்டும்.

கணக்கும் பங்கும்

பணம் வந்ததும் வரிசை மாறக் கூடாது. கஃபன், அடக்கச் செலவு முதலில். அடுத்தது கடன், மளிகைக் கடைப் பற்று முதல் மனைவிக்குக் கொடுக்காத மஹர் வரை. பிறகு வஸிய்யத், அதுவும் மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், வாரிசு அல்லாதவருக்கு. அதன்பிறகே வாரிசுகள். தவறிய ஹஜ், ஜகாத் கடனாகுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு, உங்கள் ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனைவி, இரண்டு மகன், மூன்று மகள். பெற்றோர் உயிரோடு இல்லை. வெளியே விற்றது 1,73,000 ரூபாய். வாரிசுகள் மதித்த விலைக்கு எடுத்தது 72,000. மொத்தம் 2,45,000. மகன் கைக்காசு போட்ட அடக்கச் செலவு 15,000, கடன் 20,000, மஹர் 10,000, ஆக 45,000 கழிந்து மீதி 2,00,000. மனைவிக்கு எட்டில் ஒன்று 25,000. மீதி 1,75,000-இல் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று ஏழு பங்கு. மகன்களுக்குத் தலா 50,000, மகள்களுக்குத் தலா 25,000.

மூத்தவர் 38,000 மதிப்புள்ள ஸ்கூட்டரை எடுத்திருந்தால் கையில் 12,000 வாங்குவார். ஒரு மகள் 18,000-க்குத் தையல் மெஷினும் பீரோவும் எடுத்திருந்தால் 7,000 வாங்குவார். தாயார் 16,000 மதிப்புள்ள கட்டிலையும் பாத்திரங்களையும் வைத்துக்கொண்டால் 9,000 வாங்குவார், மஹர் 10,000 தனி. மற்ற மூவருக்கும் முழுப் பங்கும் ரொக்கம். மவ்த்தானவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று உண்டு. பல வீடுகளில் பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் அந்த மூதாட்டியை மறந்துவிடுகிறார்கள்.

"தங்கச்சி வேண்டாம்னு சொல்லிட்டா" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு வருகிறது என்றே தெரியாமல், அண்ணன் முகத்துக்காகச் சொல்வது விட்டுக்கொடுத்தலாகாது. தொகையை எண்ணி அவர் கையில் கொடுங்கள். வாங்கிய பிறகு அவர் மனமுவந்து திருப்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு.

சிறார் வாரிசுகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. துணிமணியை ஏழைகளுக்குக் கொடுப்பது, சக்கர நாற்காலியை ஜமாஅத்துக்குத் தருவது எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பங்கிடாத பொருளைத் தர்மம் செய்ய வயதுவந்த வாரிசுகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், சிறாரின் பங்கைத் தொடக் கூடாது. நாற்பதாம் நாள் சாப்பாடு கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. எந்தக் கருத்தில் இருப்பவரும் அந்தச் செலவை யதீமின் பங்கிலிருந்து எடுக்க முடியாது. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே உண்கிறார் என்பது 4:10 வசனத்தின் எச்சரிக்கை.

பங்கிடும் நாளில் பங்கில்லாத ஏழை உறவினரோ, வீட்டில் வேலை செய்த அம்மாவோ வந்து நின்றால் அவர்களுக்கும் ஏதாவது கொடுத்து, நல்ல வார்த்தை பேசச் சொல்கிறது 4:8 வசனம். வயதுவந்தவர்கள் தங்கள் பங்கிலிருந்து கொடுக்கலாம்.

ஜனாஸாவின் முன் நின்று மகன் சொன்ன "நான் பொறுப்பு" என்ற வார்த்தை மண்ணைத் தள்ளியதோடு முடிந்துவிடவில்லை. கடைசி அண்டாவுக்கும் கணக்கு எழுதி, கடைசித் தங்கையின் கையிலும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் நாளில்தான் அது நிறைவேறுகிறது. நம் வீட்டு மவ்த்தானவர்களின் கடன்களைத் தீர்க்கவும், அவர்கள் விட்டுச் சென்றதில் ஒருவருக்கொருவர் அநீதி செய்யாமல் இருக்கவும் அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.